பவர் பாப் என்றால் என்ன, அதை மேடைப் பதிவில் ஏன் கேட்க வேண்டும்

பாட்டு கேட்கும் செயலி எதிலாவது "பவர் பாப்" என்று தேடிப் பாருங்கள். ஒரு பங்க் குழு, எண்பதுகளின் சிந்தசைசர் பாட்டு ஒன்று, போன மாதம் வந்த நடனப் பாட்டு ஒன்று, எல்லாம் ஒரே பட்டியலில் வரிசை கட்டி நிற்கும். கொஞ்சம் வேகமும் முணுமுணுக்கத் தோதான மெட்டும் இருந்தால் போதும், அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். தீவிர ராக் ரசிகர்களிடம் வேறு மாதிரிக் கோளாறு. பவர் பாப் என்றால் பீட்டில்ஸைப் பார்த்து எழுதிய நோஞ்சான் நகல் என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அந்தப் பாட்டுகளுக்குள் என்னதான் நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மேடைப் பதிவுகளைப் பற்றியும் இதே அலட்சியம் உண்டு. இந்த வகைக் குழுக்களின் லைவ் ஆல்பங்களை, ஸ்டூடியோவில் நன்றாகச் செய்ததை அவசரத்தில் திரும்பச் செய்தது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பவர் பாப் எப்படி வேலை செய்கிறது என்பது மேடைப் பதிவில்தான் அப்பட்டமாகத் தெரிகிறது. பெயர் வாங்காமல் போன குழுக்களிடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏன் என்பதை முதலிலிருந்து பார்ப்போம். இசை இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## பதம்

கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகு காய்ச்சுபவர்கள் பதத்துக்காக எவ்வளவு பதறுவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். பாகு இளசாக இருந்தால் மிட்டாய் கையிலேயே இழுபடும். முற்றிவிட்டால் பல் போகும். கடித்தால் படக்கென்று முறிய வேண்டும், முறிந்த அடுத்த கணமே இனிக்க வேண்டும். பவர் பாப் தேடுவது அந்தப் பதத்தைத்தான். மெட்டும் குரல்களும் இனிப்பு. கிதாரும் டிரம்ஸும் முறிவு. ஒன்று மிகுந்தால் வெறும் பாப், மற்றது மிகுந்தால் வெறும் ராக்.

இந்தப் பெயரை முதலில் புழங்கவிட்டவர் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். 1967-இல் ஒரு பேட்டியில், தாங்கள் வாசிப்பது பவர் பாப் என்றார். ஸ்மால் ஃபேஸஸ் குழு முன்பு வாசித்ததும் பீச் பாய்ஸின் தொடக்க காலத் துள்ளல் பாட்டுகளும் அதே வகைதான் என்று சேர்த்துக்கொண்டார். தி ஹூ மேடையில் கிதாரை அடித்து நொறுக்கிய குழு. பீச் பாய்ஸ் கடலையும் காரையும் பற்றிக் குழையக் குழையப் பாடியவர்கள். இந்த இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னதைக் கவனியுங்கள்.

மூன்று சொற்களை இங்கேயே தெரிந்துகொள்வோம். பாட்டு முடிந்தபின்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற சிறு துணுக்குக்கு ஹுக் என்று பெயர். அது ஒரு வரியாக இருக்கலாம், நாலு ஸ்வரக் கிதார் முடிச்சாகவும் இருக்கலாம். ஒருவர் பாடும் வரியை மற்றவர்கள் அதே நேரத்தில் வேறு ஸ்வரங்களில் இணைந்து பாடுவது ஹார்மனி. கிதாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை அதன் அளவுக்கு மேல் முடுக்கும்போது ஒலி தடித்துக் கரகரக்கும். அது டிஸ்டார்ஷன். பவர் பாப் பாட்டில் இந்த மூன்றும் இருக்கும். மூன்று நிமிடத்தில், மிஞ்சினால் நான்கில், வேலையை முடித்துவிடும்.

## ஒரு பாட்டைப் பிரித்துப் பார்த்தால்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லேண்ட் பக்கத்திலிருந்து வந்த ராஸ்பெரீஸ் குழு 1972-இல் "கோ ஆல் தி வே" என்ற பாட்டை வெளியிட்டது. அமெரிக்காவில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது. இந்த வகையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாட்டு இல்லை என்பேன்.

தொடக்கத்தில் ஒரு ரிஃப். ரிஃப் என்றால் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் குறுகிய கிதார்த் தொடர். இது நல்ல முரட்டு ரிஃப். டிரம்ஸும் சேர்ந்து உருள்கிறது. ஏதோ கனரக ராக் பாட்டு என்று நிமிர்ந்து உட்கார்வீர்கள். சில நொடிகளில் எல்லாம் அடங்கி, எரிக் கார்மென் மென்மையான காதல் குரலில் பாடத் தொடங்குகிறார். பின்னால் பீச் பாய்ஸை நினைவூட்டும் ஹார்மனி. முதலில் வாங்கிய அடிதான் இந்த மென்மையைக் காதில் இன்னும் மென்மையாக்குகிறது. பிறகு கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் மையப் பகுதி, உயர்ந்து எழுகிறது. அதன் பிறகு பீட்டில்ஸின் ஆரம்ப நாட்களைப் போல ஒரு குரல் கூப்பிட மற்றவை பதில் சொல்லும் இடம். கடைசியில் அந்த முரட்டு ரிஃப் மறுபடி வருகிறது. இந்த முறை அது முதலில் கேட்ட அதே ரிஃபாகத் தோன்றுவதில்லை. நடுவில் வந்த காதல் பேச்சின் தவிப்பு அதற்குள் ஏறியிருக்கிறது.

வரிகளிலும் இதே விளையாட்டு உண்டு. 'எல்லை வரை போவோம்' என்று கேட்பவள் பாட்டில் வரும் பெண். பையன் அதைக் கேட்டு வியக்கிறான். ஒரு பையன் கேட்பதாக எழுதியிருந்தால் வானொலிக்காரர்கள் விட்டிருக்க மாட்டார்கள் என்று கார்மென் பின்னாளில் விளக்கியிருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான்.

இங்கே இனிப்பும் முறிவும் மாறி மாறி வருகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் பாட்டுகளும் உண்டு. வேல்ஸின் ஸ்வான்ஸி நகரத்தில் உருவாகி, பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த பேட்ஃபிங்கர் குழுவின் "நோ மேட்டர் வாட்" 1970-இல் வந்தது. அதில் கிதார் முதலிலிருந்து கரகரத்துக்கொண்டே இருக்கிறது. அதன் மேலேயே பீட் ஹாமின் இனிய குரலும் ஹார்மனியும் போகின்றன. ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுவதே இல்லை.

இதுவரை பார்த்தது: பவர் பாப்பை அடையாளம் காட்டுவது வேகமோ உற்சாகமோ அல்ல. இனிய மெட்டும் குரல் ஹார்மனியும் முரட்டுக் கிதாரோடும் டிரம்ஸோடும் மோதிக்கொண்டு ஒரே குறுகிய பாட்டில் இருக்க வேண்டும். மோதல் இல்லாவிட்டால் அது வேறு ஏதோ.

அந்த 'வேறு ஏதோ' எவை என்று ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். இனிப்பு மட்டும் இருந்து கிதார் பின்னால் பதுங்கிக்கொண்டால் அது பபிள்கம் பாப். பன்னிரண்டு கம்பிக் கிதாரின் மணியோசை மேலே நிற்க, டிரம்ஸ் அடக்கி வாசித்தால் அது தி பேர்ட்ஸ் வழி வந்த ஜாங்கிள் பாப். வேகமும் கோபமும் முன்னே வந்து, ஹார்மனி ஒப்புக்குச் சப்பாணியாக இருந்தால் அது பாப் பங்க். எல்லைகள் கறாரானவை இல்லை. இதற்காகச் சண்டை போடுகிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

## ஸ்டூடியோவில் என்ன நடக்கிறது

இந்த இசை பெரும்பாலும் நான்கு பேர் குழுவுடையது. ஆனால் ஆல்பத்தில் கேட்கும் குரல்களை எண்ணிப் பாருங்கள், நான்குக்கு மேல் இருக்கும். அதற்குக் காரணம் ஓவர்டப்: முன்பே பதிவான இசைக்கு மேல் பிற்பாடு இன்னொரு வாத்தியத்தையோ குரலையோ பதிவுசெய்து சேர்ப்பது. அதில் ஒரு வகை டபுள் டிராக்கிங். பாடகர் அதே வரியை இரண்டாம் முறை பாடி, இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிடுவது. இரண்டுக்கும் நடுவே உள்ள இம்மியளவு வேறுபாடு குரலைத் தடிமனாகவும் பளபளப்பாகவும் ஆக்குகிறது. ஒரே வரியை மறுபடி மறுபடி பாட ஜான் லெனன் சலித்துக்கொண்டதால், 1966-இல் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவின் பொறியாளர் கென் டவுன்செண்ட் அதை இயந்திரமே செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். தி ஹூ டவுன்ஷெண்டுக்கும் இவருக்கும் உறவு கிடையாது.

மூன்றாவது கருவி கம்ப்ரஷன். மிக உரத்த ஒலியை அமுக்கி, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது அது. சின்ன வானொலிப் பெட்டியிலும் பாட்டு நிறைந்து ஒலிக்க உதவும்.

இவையெல்லாம் நல்ல கருவிகள்தான். ஆனால் மூன்றுமே இனிப்பின் பக்கம் சாய்பவை. குரலை மெருகேற்றுகின்றன, முனைகளை மழுக்குகின்றன. தயாரிப்பாளருக்கு வானொலிப் பசி கொஞ்சம் கூடுதலாக இருந்தால் முறிவு காணாமல் போய்விடும். மேடைக்கு வாருங்கள். டபுள் டிராக்கிங் கிடையாது. ஹார்மனி பாடுபவர் அதே நேரத்தில் கிதாரும் வாசிக்க வேண்டும், மூச்சு வாங்கும். டிரம்மர் உணர்ச்சிவசப்பட்டு வேகத்தை ஏற்றுவார். கிதார் ஒன்றே ஒன்று என்றால், அது தனித்து வாசிக்கப் போகும்போது கீழே ஒரு பள்ளம் விழும். கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிதார் ஓடிவந்து அதை நிரப்ப வேண்டும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு மெட்டு நிற்கிறதா என்பதை மேடையில்தான் பார்க்க முடியும்.

## புடோகான்: ஒரே பாட்டு, இரண்டு விதி

இதற்கு மிகச் சுத்தமான சான்று, சீப் ட்ரிக். இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டைச் சேர்ந்த குழு. பாடகர் ராபின் சாண்டர், கிதார் ரிக் நீல்சன், பேஸ் டாம் பீட்டர்சன், டிரம்ஸ் பன் ஈ. கார்லோஸ். இன்று இவர்களை அறியப்படாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 1978 வரை அமெரிக்காவில் நிலைமை அதுதான்.

"ஐ வான்ட் யூ டு வான்ட் மீ" பாட்டின் ஸ்டூடியோ வடிவம் 1977-இல் "இன் கலர்" ஆல்பத்தில் வந்தது. அதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மிதமான வேகம், துள்ளும் பியானோ, பழைய காலத்து நாடகக் கொட்டகைப் பாட்டு மாதிரி ஒரு விளையாட்டுத்தனம். கிதார் எங்கோ மூலையில். அமெரிக்காவில் அது எடுபடவில்லை. அந்த ஆல்பத்தின் ஒலி தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று குழுவினரே பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

ஜப்பானில் கதை வேறு. அங்கே அவர்களுக்கு ஏற்கெனவே பெரிய ரசிகர் பட்டாளம், பெரும்பாலும் பதின்வயதுப் பெண்கள். 1978 ஏப்ரல் இறுதியில் டோக்கியோவின் நிப்போன் புடோகான் அரங்கில் வாசித்தார்கள். 1964 ஒலிம்பிக்கின் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய அரங்கம் அது. 1966-இல் பீட்டில்ஸ் வாசித்ததும் அங்கேதான். அந்தப் பதிவு ஜப்பானுக்கு மட்டும் என்று 1978 அக்டோபரில் வெளியானது. அமெரிக்க ரசிகர்கள் இறக்குமதிப் பிரதிகளைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். நிறுவனம் 1979 பிப்ரவரியில் வேறு வழியின்றி அங்கேயும் வெளியிட்டது. ஆல்பம் பட்டியலில் 4-ஆம் இடம். ஸ்டூடியோ வடிவத்தில் தோற்ற அதே பாட்டு மேடை வடிவத்தில் 7-ஆம் இடம்.

என்ன மாறியது? மெட்டில் எதுவும் இல்லை, வரிகளிலும் இல்லை. சாண்டர் பாட்டின் பெயரை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அறிவிக்கிறார், கூட்டம் வீறிடுகிறது, வேகம் கூடியிருக்கிறது, பியானோ இருந்த இடத்தில் நீல்சனின் கிதார். கோரஸுக்கு முன்னால் அழுகையைப் பற்றி வரும் அந்த வரியின் கடைசிச் சொல்லை அரங்கமே திருப்பிக் கத்துகிறது. ஸ்டூடியோ வடிவத்தில் அந்த எதிரொலி ஸ்டூடியோவிலேயே செய்தது. இங்கே ஆயிரக்கணக்கான சிறுமிகள் செய்கிறார்கள். பதிவைக் கலவை செய்தவர்கள் அந்தக் கூச்சலைப் பின்னால் தள்ளாமல் இன்னொரு வாத்தியம் போலவே வைத்திருக்கிறார்கள். கெஞ்சலும் கேலியுமாக எழுதப்பட்ட ஒரு பாட்டு, கெஞ்சல் பலித்துவிட்ட பாட்டாக மாறிவிட்டது.

பீட்டர்சனின் பேஸ் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைக் கிதார் குழுவில் விழும் பள்ளத்தைச் சொன்னேன் அல்லவா? அதை நிரப்ப அவர் பன்னிரண்டு கம்பி பேஸ் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினார். வழக்கமான நான்கு கம்பிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியில் ஒலிக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள். ஒரே ஆள் வாசித்தால் பேஸும் கிதாரும் சேர்ந்து ஒலிப்பதுபோல் இருக்கும்.

சுருக்கமாக: ஸ்டூடியோ கருவிகள் இனிப்பைக் கூட்டும். மேடை முறிவைத் திருப்பிக் கொண்டுவரும். சீப் ட்ரிக் விஷயத்தில் அந்த ஒரு மாற்றமே குழுவின் தலையெழுத்தை மாற்றியது. பெரும்பாலான குழுக்களுக்கு அப்படி ஒரு புடோகான் வாய்க்கவில்லை.

## எல்லா மேடைப் பதிவும் ஒன்றல்ல

லைவ் என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே அன்று நடந்தது அப்படியே கிடைத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. ஒலிநாடா எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துப் பதம் மாறும்.

நல்ல வசதியோடு செய்வது மல்டிடிராக் பதிவு. ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடத்தில் பதிவாகும், பிறகு ஆற அமர அளவு பார்த்துக் கலக்கலாம். புடோகான் அப்படிப்பட்டது. செலவு அதிகம் என்பதால் சின்னக் குழுக்களுக்கு அரிதாகத்தான் வாய்க்கும்.

அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சவுண்ட்போர்டு பதிவு, அதாவது அரங்க ஒலிபெருக்கிகளுக்குப் போகும் ஒலியைக் கலவைப் பலகையிலிருந்தே நேராக நாடாவில் பிடிப்பது. சுத்தமாக இருக்கும், ஆனால் ஒரு விபரீதம் உண்டு. சின்ன கிளப்பில் கிதார் ஆம்ப்ளிஃபயரும் டிரம்ஸும் எந்த உதவியும் இல்லாமலே காதைப் பிளக்கும். ஒலிப் பொறியாளர் பலகைக்குள் பெரும்பாலும் குரல்களை மட்டும்தான் ஏற்றுவார். நாடாவில் குரல் முகத்துக்கு நேரே நிற்கும், கிதார் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் கேட்கும். இதைக் கேட்டுவிட்டு "இந்தக் குழுவுக்குத் தெம்பே இல்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று அரங்கில் நின்றவர்கள் கேட்டது அதுவல்ல.

கூட்டத்தில் ஒருவர் ரகசியமாகப் பதிவுசெய்த நாடாவில் நேர் எதிர்க் கோளாறு. கிதாரும் டிரம்ஸும் சுவரில் மோதி முழங்கும், ஹார்மனி சேறாகிவிடும். வேறெந்த இசைக்கும் இது சின்னக் குறையாக இருக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக நின்றால்தான் உயிர் என்று இருக்கும் பவர் பாப்புக்கு இது பெரிய சேதம். அதனால் எந்த வகை நாடா என்று தெரிந்துகொண்டு, குறையும் பக்கத்தை மனதில் கொஞ்சம் கூட்டிக் கேட்கப் பழக வேண்டும். இரண்டு மூன்று பதிவு கேட்டால் பழகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது வகை: வானொலி ஒலிபரப்பு. எழுபதுகளில் அமெரிக்க எஃப்.எம். நிலையங்களும் பிபிசியும் குழுக்களை அழைத்து நேரடியாக வாசிக்கச் சொல்லி ஒலிபரப்பின. வீட்டில் கேட்பவருக்காகவே தனியாகக் கலவை செய்வதால் பதம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பேட்ஃபிங்கரை வைத்து இதைச் சோதிக்கலாம். 1974 மார்ச்சில் கிளீவ்லேண்டின் அகோரா அரங்கில் அவர்கள் வாசித்தது 1990-இல் "டே ஆஃப்டர் டே: லைவ்" என்று வெளியானது. ஆனால் அதற்கு முன் குழுவின் ஜோயி மாலண்ட் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நிறைய ஓவர்டப் சேர்த்திருந்தார். 1974-இல் இருந்த அறைக்குள் 1990-இன் ஒலி புகுந்துவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள், நியாயம்தான். 1972-73 காலத்து பிபிசி ஒலிபரப்புகள் 1997-இல் தனி ஆல்பமாக வந்தபோதுதான் அந்தக் குழு மேடையில் எவ்வளவு முரட்டுத்தனமாக, பாட்டை நீட்டி முழக்கி வாசித்தது என்று வெளியே தெரிந்தது. மராயா கேரி வரை பலர் பாடிய "வித்தவுட் யூ" பாட்டை எழுதியவர்கள் இந்தக் குழுவின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும்தான் என்பதே பலருக்குத் தெரியாது. அந்தச் சோகப் பாட்டின் நிழலில் பிபிசி பதிவைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும்.

## பிக் ஸ்டார்: கேட்க ஆளில்லாத அறை

மெம்ஃபிஸ் நகரம், அர்டென்ட் ஸ்டூடியோ. அலெக்ஸ் சில்டன் 16 வயதில் பாக்ஸ் டாப்ஸ் குழுவில் "தி லெட்டர்" பாடி, 1967-இல் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தவர். அந்தப் புகழ் சலித்துப்போய் ஊர் திரும்பினார். கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் ஆகியோருடன் சேர்ந்தார். ஒரு மளிகைக் கடைத் தொடரின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். 1972-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் "நம்பர் 1 ரெக்கார்ட்". விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விநியோகம் செய்ய வேண்டிய ஸ்டாக்ஸ் நிறுவனம் சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைக்குப் பேர்போனது. இந்த ஆல்பத்தைக் கடைகளில் சேர்க்க அதனால் முடியவில்லை. பாட்டை வானொலியில் கேட்டவர்கள் கடைக்குப் போனால் தட்டு கிடைக்காது. அந்த ஆண்டு முடியும்போது பெல் விலகிவிட்டார்.

1973 ஜனவரியில் மெம்ஃபிஸின் லஃபாயெட்ஸ் மியூசிக் ரூமில் எடுத்த பதிவு அப்போதுதான் நிகழ்கிறது. அன்று அவர்கள் முக்கியக் குழு கூட இல்லை. ஆர்ச்சி பெல் அண்ட் தி ட்ரெல்ஸ் என்ற சோல் குழுவைக் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் தொடக்க வரிசையில் வாசிக்கிறார்கள். நான்கு பேராக, ஓவர்டப் அடுக்குகளோடு செய்த பாட்டுகளை மூன்றே பேர் வாசிக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் வரும் கைதட்டலைக் கேளுங்கள். ஒரு மேசைக்கு இரண்டு பேர் தட்டியிருப்பார்களோ என்று தோன்றும்.

புடோகானின் நேர் எதிர்முனை இது. தூக்கிவிடக் கூட்டம் இல்லை, ஆனாலும் இசை தளரவில்லை. சில்டன் தாளக் கிதாரையும் தனிக் கிதாரையும் ஒரே கையால் சமாளிக்கிறார். ஸ்டூடியோவில் பெல்லின் குரல் இருந்த உயரத்துக்குத் தானே எட்டிப் பிடிக்கிறார், சில இடங்களில் குரல் விரிசல் விடுகிறது. ஹம்மலின் பேஸ் மேலே ஏறிவந்து இன்னொரு மெட்டாகவே ஓடுகிறது. ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ் வரிகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு இடைவெளியையும் பிடித்துக்கொள்கிறது. ஆல்பத்தில் பளிங்குபோல் இருந்த பாட்டுகளுக்கு எலும்பு இருக்கிறது என்று இங்கேதான் தெரிகிறது. 2009-இல் ஒரு பெட்டித் தொகுப்பின் பகுதியாக வந்த இந்தப் பதிவு 2018-இல் தனி ஆல்பமானது. வாசித்து 45 ஆண்டுகள் கழித்து!

அடுத்தது 1974, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு வானொலி ஒலிபரப்பு. ஹம்மலும் போய்விட்டார்; பேஸில் ஜான் லைட்மன். இரண்டாம் ஆல்பம் "ரேடியோ சிட்டி" அந்த ஆண்டுதான் வந்திருந்தது, அதன் விநியோகமும் ஸ்டாக்ஸ், கொலம்பியா என்ற இரண்டு இசைத்தட்டு நிறுவனங்களின் தகராறில் சிக்கிச் சீரழிந்துகொண்டிருந்தது. நடுவில் சில்டன் தனியாக, மின்சாரம் தேவைப்படாத அக்கூஸ்டிக் கிதாரோடு சில பாட்டுகள் பாடுகிறார். முறிவை முழுக்க எடுத்துவிட்டால் இந்த மெட்டுகள் எப்படி இருக்கும் என்று கேட்க அரிய வாய்ப்பு. இது 1992-இல் "லைவ்" என்று வெளியானது.

மூன்றாவது, 1993 ஏப்ரல் 25. மிசௌரி பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலிக்காரர்கள் கேட்டுப் பார்ப்போமே என்று கேட்க, யாரும் எதிர்பாராமல் சில்டன் சம்மதித்தார். ஸ்டீஃபன்ஸ் வந்தார். சியாட்டிலின் போஸீஸ் குழுவிலிருந்து ஜான் ஆவரும் கென் ஸ்ட்ரிங்ஃபெலோவும் சேர்ந்துகொண்டார்கள். பிக் ஸ்டார் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர்கள். பெல் 1978-இலேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். வாசிப்பு சில இடங்களில் தடுமாறுகிறது. ஆனால் இந்த முறை ஒவ்வொரு பாட்டின் முதல் ஸ்வரத்துக்கே கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

இந்த மூன்றையும் காலவரிசையில் கேட்கச் சொல்வேன். இடைவெளி விட்டுக் கேளுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம்.

## ஏன் பெயர் வாங்கவில்லை

தரக்குறைவு காரணமில்லை என்பது இதற்குள் விளங்கியிருக்கும். பிக் ஸ்டாருக்கு விநியோகம். பேட்ஃபிங்கருக்குப் பணச் சிக்கல்கள். அதன் விரக்தியில் பீட் ஹாம் 1975-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ராஸ்பெரீஸுக்கு உடுப்பு: ஒரே மாதிரி கோட்டு சூட்டில் மேடையேறியதால், நீள முடியும் நீளமான சோலோவும்தான் ராக் என்று நம்பிய 1972-இன் இளைஞர்கள் இவர்களைச் சிறுபிள்ளைகளின் குழு என்று ஒதுக்கினார்கள். முதல் ஆல்ப அட்டையில் சுரண்டினால் ராஸ்பெரி மணக்கும் ஸ்டிக்கரை ஒட்டியதும் உதவவில்லை.

1979-இல் தி நேக் குழுவின் "மை ஷரோனா" ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. உடனே நிறுவனங்கள் மெல்லிய டை கட்டிய குழுக்களையெல்லாம் அள்ளிக்கொண்டன. அடுத்தடுத்த ஆண்டுகளில் காற்று திரும்பியதும் அதே வேகத்தில் கைகழுவின. அந்தச் சுழலில் போனவர்கள் ஏராளம்.

## எங்கே தொடங்கலாம்

முதலில் ஒரு பாட்டை ஸ்டூடியோ வடிவத்தில் மூன்று நான்கு முறை கேட்டு மெட்டை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு மேடை வடிவம். முதல் தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை ஹார்மனியை மட்டும். எந்தக் குரல் எங்கே விடுபட்டது, அந்த இடத்தை எது நிரப்பியது என்று பார்த்தால் குழுவின் திறமை தானாகப் பிடிபடும். ஹெட்ஃபோனைவிட ஸ்பீக்கர் நல்லது. இந்த இசைக்குக் கொஞ்சம் காற்று வேண்டும்.

புடோகானுக்குப் பிறகு ப்ளிம்சோல்ஸ் பக்கம் போகலாம். பீட்டர் கேஸின் குழு. 1981 அக்டோபர் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் விஸ்கி எ கோ கோவில் வாசித்தது 2010-இல் "பெக், பாரோ அண்ட் ஸ்டீல்" என்று வந்தது. வியர்வை சொட்டும் பதிவு. கேஸ் அதற்கு முன் இருந்த நெர்வ்ஸ் குழுவின் 1977 கிளீவ்லேண்ட் பதிவும் கிடைக்கிறது. மூன்றே பேர், நாலே பாட்டு கொண்ட ஒரு சின்ன இசைத்தட்டு, ஊர் ஊராகக் காரில் சுற்றல். பிளாண்டி குழு பாடிப் புகழ்பெற்ற "ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்" இவர்களில் ஒருவரான ஜேக் லீ எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.

ராஸ்பெரீஸின் பழைய நால்வரும் 2004-இல் மறுபடி கூடினார்கள். 2005-இல் லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்தது "லைவ் ஆன் சன்செட் ஸ்ட்ரிப்" என்று 2007-இல் வெளியானது. ஆல்பத்தில் அடுக்கிய குரல்களை மேடையில் கொண்டுவர மூன்று துணைக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு "தி ஓவர்டப்ஸ்" என்றே பெயர் சூட்டியிருந்தார்கள். நேர்மையான நகைச்சுவை.

அடுக்கடுக்கான ஸ்டூடியோ வேலைக்குப் பேர்போன ஜெல்லிஃபிஷ் குழுவை மேடையில் கேட்க 2012-இல் வந்த "லைவ் அட் போகார்ட்ஸ்" உண்டு. ஆண்டி ஸ்டர்மர் மேடையின் முன்வரிசையில் நின்றபடியே டிரம்ஸ் வாசித்துக்கொண்டு முதன்மைக் குரலும் பாடியவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கனடாவின் ஸ்லோன் குழுவுக்கு 1999-இல் வந்த "ஃபோர் நைட்ஸ் அட் தி பலே ராயல்" என்ற இரட்டை ஆல்பம். நான்கு பேருமே பாட்டு எழுதுபவர்கள், நான்கு பேரும் பாடுபவர்கள். ஹார்மனியை யார் விட்டாலும் இன்னொருவர் பிடித்துக்கொள்வார்.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லினாயின் ஸயான் ஊரைச் சேர்ந்த ஷூஸ் குழு 1977-இல் "பிளாக் வினைல் ஷூஸ்" ஆல்பத்தை வீட்டு அறையில், நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட ஒரு நாடா இயந்திரத்தில் பதிவுசெய்தது. கிசுகிசுக்கும் குரல்களும் கரகரக்கும் கிதாரும் அந்தச் சின்ன இயந்திரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விதத்தில்தான் அதன் அழகு. மேடை அவர்களுடைய களமே இல்லை. இவர்களை மட்டும் அந்த அறையிலேயே விட்டுக் கேளுங்கள்.